நிலாவுக்கு வெள்ளை வேண்டாம்

கேள்வி: நிலா வெளிச்சத்தில் மலைகள் தெரியும் பழைய ஜெர்மன் ஓவியம் ஒன்றைப் பார்த்து, ஒன்பதாவது படிக்கும் என் மகன் வரைந்தான். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் நிலா ஒளிரவில்லை. ‘காசிமேட்டுக்காரனுக்கு மலை எங்கே வரும்’ என்று தூக்கிப் போட்டுவிட்டான். என்ன சொல்லட்டும் ஐயா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அவன் கடைசியாகச் சொன்னதுதான் அம்மா என்னை உறுத்துகிறது. இத்தகைய ஓவியங்களுக்குப் பேர்போன காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிச்சும் துறைமுக ஊர்க்காரர்தான். 1774இல் பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். 1810இல் கெர்ஸ்டிங் என்ற ஓவிய நண்பரோடு ரீஸன்கெபிர்கே மலைகளில் நடந்தே சுற்றினார். பென்சிலில் குறித்து வந்ததை வைத்துக்கொண்டு, டிரெஸ்டன் நகரத்து அறையில் உட்கார்ந்து பல வருடம் மலைகளை வரைந்தார். தம்பியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் நிலா. போஸ்டர் கலரை எவ்வளவு அப்பினாலும் தாளின் வெண்மையைத் தாண்டாது. நிலா வரும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு வானத்தைக் கவனிக்க வேண்டும். நிலாவை ஒட்டி இளசாக, விலக விலக அடர்த்தியாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது. கிட்டே இருக்கும் மலை நல்ல கறுப்பு. தூரத்து மலை வானத்தோடு கரைய வேண்டும்.

ஃப்ரீட்ரிச் இன்னொன்றும் செய்தார். 1830களில், ஒளி ஊடுருவும் தாளில் இரண்டு பக்கமும் தீட்டி, மலையும் ஆறுமாக ஒரு படம். முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் பகல். இருட்டறையில் பின்னால் விளக்கு வைத்தால் அதே மலைகளுக்கு மேல் நிலா வந்துவிடும்! ஜெர்மனியின் காசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ராயபுரத்தில் ஒவ்வொரு டிசம்பரும் மூங்கில் குச்சி கட்டி, கலர் பேப்பர் ஒட்டி, வாசலுக்கு ஸ்டார் செய்வார். ஒருமுறை நான் தேங்காய் எண்ணெய்க் கையோடு அதைத் தொட்டுவிட்டேன். ராத்திரி பல்பு போட்டதும் விரல் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று எரிந்தது. அப்பா திட்டவில்லை. மிச்சமிருந்த முனைகளிலும் எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார்.

தம்பியும் செய்து பார்க்கட்டும். படம் காய்ந்ததும் தாளைத் திருப்பி, நிலாவின் வட்டத்தில் மட்டும் பஞ்சால் எண்ணெய் தொட்டு, பின்னால் டார்ச் அடித்தால் போதும். வருகிற பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். நிலா கடலிலிருந்து மஞ்சளாகத்தான் எழும்பும். அதைச் சுற்றி வானம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். படத்தை முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.