அபு சிம்பலுக்கு வழிகாட்டி தேவையா?

கேள்வி: எகிப்தின் அஸ்வான் நகரிலிருந்து அபு சிம்பலின் பழைய கோயில்களுக்கு ஒரே நாளில் போய்வரப் போகிறோம். வழிகாட்டி அவசியமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா?

வழிகாட்டியோடு போங்கள். போனால் மட்டும் போதாது, அவர் பேசும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நான் நிற்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் என்னைப் போல யூடியூப்பில் பத்து வீடியோ பார்த்துவிட்டு ‘எல்லாம் தெரியும்’ என்று கிளம்பும் ஆள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அஸ்வானிலிருந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், வேனில் மூன்றரை மணி நேரம். விடியற்காலை நாலு மணிக்கே கிளப்பிவிட்டார்கள். இறங்கியதும் கோயில் தெரியாது. வெறும் மண்மேடு போல ஒரு குன்றின் முதுகுதான் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பினால் பழங்கால எகிப்திய அரசர் இரண்டாம் ராம்சேஸின் நான்கு சிலைகள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர், உட்கார்ந்த நிலையில். அவ்வளவுதான், நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

வழிகாட்டி ஒரு நிழலில் எல்லாரையும் உட்கார வைத்து, படங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். வெளியே எதற்கு இவ்வளவு பேச்சு, உள்ளே போய்க் காட்டட்டுமே என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கோயிலுக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது. கூட்டம் தேங்கிவிடும் என்று தடை. அவர் வாசலோடு நின்றுகொண்டார். அங்கே பெரிய ‘அங்க்’ (பழங்கால எகிப்தில் உயிரைக் குறிக்கும் சின்னம்) வடிவச் சாவியோடு ஒரு காவலாளி வேறு, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி பக்‌ஷீஷுக்காக, அதாவது டிப்ஸுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் சுவர் முழுக்கச் சிற்பம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பயணமே வேண்டாம் என்று சொன்ன, ஆனால் வழிகாட்டி பேசியதை நின்று கேட்ட என் மனைவிதான், “ஏங்க, இங்க வாங்க” என்று கூப்பிட்டுக் காட்டினார். ஹிட்டைட் என்ற எதிரி நாட்டோடு ராம்சேஸ் போட்ட காதேஷ் போர். தேரில் நின்று அம்பு விடுகிறார் ராஜா. கீழே ஹிட்டைட் ஒற்றர்களைப் பிடித்து அடிக்கிறார்கள். “உண்மையில இந்தச் சண்டையில யாரும் ஜெயிக்கலையாம். ஊர் ஊரா கோயில் சுவர்ல இவரே ஜெயிச்ச மாதிரி செதுக்கி வச்சுட்டாராம்.” கருவறையில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 காலையில் சூரிய ஒளி அத்தனை தூரம் உள்ளே வந்து மூன்று பேர் மேல் விழும், இடது ஓரத்தில் இருக்கும் ப்தா என்ற தெய்வம் மட்டும் இருட்டிலேயே இருப்பார். இதையும் மனைவிதான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து சிலையின் காதருகே மெல்லிய கோடு ஒன்றைக் காட்டினார். விரிசல் என்றேன். அறுத்து ஒட்டிய இடமாம். அஸ்வான் உயர் அணையால் நீர் ஏறப்போகிறது என்று 1964 முதல் 1968 வரை இரண்டு கோயில்களையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறார்கள். நாங்கள் சுற்றி வந்த குன்றும் செயற்கைதானாம், உள்ளே கான்கிரீட் கூரை. அந்த அணையின் ஏரியில் ஊர்கள் முழுகிப்போனதால், அங்கே காலங்காலமாக வாழ்ந்த நூபியர் என்ற மக்களைப் பெயர்த்து, அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ என்ற ஊர்ப் பக்கம் குடியேற்றினார்கள். அதைப் பற்றி வழிகாட்டி ரொம்ப நேரம் பேசினார் என்றார் மனைவி. அதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

வழிகாட்டிகளிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று சொல்ல வருபவர்களுக்கு: எனக்கு அங்கே யாரையும் தெரியாது. எல்லா வழிகாட்டியும் நல்லவர் என்றும் சொல்லவில்லை. நன்றாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் தனியாகவே போகலாம், சரி. ஆனால் நாம் எத்தனை பேர் படிக்கிறோம்?

ராம்சேஸின் ராணி நெஃபர்தாரிக்காகப் பக்கத்திலேயே கட்டிய சின்னக் கோயிலை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அரசிக்கும் அரசனுக்கும் ஒரே உயரத்தில் சிலை, எகிப்தில் அபூர்வம். அதன் முன்னால் நிற்கும்போதுதான் அலுவலகத்திலிருந்து போன். ஒரு எக்செல் ஃபைல் எங்கே என்று. பதினோரு வருட வேலையில் முதல் முறையாக எட்டு நாள் லீவு. அதற்கும் “எகிப்துல என்ன இருக்கு?” என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் மேலாளர். இருபது நிமிடம் வெயிலில் நின்று விளக்கினேன். கடைசியில் ஃபைல் அவர் டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. சம்பள உயர்வு கேட்டால் மட்டும் இவர்களுக்கு நம் நம்பர் மறந்துவிடுகிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். தொப்பி, தண்ணீர், சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். வேனில் போகும்போது இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள், பாலைவனத்தில் சூரியன் அந்தப் பக்கம்தான் எழும். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் மனைவி சொன்னதுதான்.