மார்க் போடாத நோட்டு

வணக்கம்.

ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். பத்து வாரமாக ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளை வாரத்தில் மூன்று நாள் டைரி எழுதச் சொல்லியிருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் நாற்பது நோட்டும் ஒரே நோட்டாக இருக்கிறது. ‘காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன், மகிழ்ச்சியாக இருந்தேன்.’ எல்லோருக்கும் தினமும் மகிழ்ச்சி!

பயிற்சிக் கல்லூரியில் நாங்களும் தினமும் சிந்தனைக் குறிப்பு எழுத வேண்டும். ஆறு தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், மதிப்பெண்ணும் உண்டு. போன வாரம் பின்னம் நடத்தினேன். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேர மேலாண்மையில் இன்னும் கவனம் தேவை’ என்று எழுதினேன். நடந்தது வேறு. ஒரு பெண் எழுந்து, “மிஸ், மூணை விட நாலுதானே பெரிசு? அப்புறம் எப்படி நாலில் ஒண்ணு சின்னதாகும்?” என்று கேட்டாள். அடுத்த கணக்குக்குப் போகிற அவசரத்தில், “அதை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டேன். குறிப்பில் அதை எழுதவில்லை.

பிள்ளைகளை மனதில் இருப்பதை எழுத வைப்பது எப்படி? ஆசிரியர் எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டா? இரண்டும் நன்றாக வந்தால் தொகுத்து வெளியிடலாம் என்ற ஆசையும் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். என் மேற்பார்வையாளர் உங்களைப் படிப்பவர்.

ஒரு பயிற்சி ஆசிரியை

*

அன்புள்ள தோழிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். வகுப்பு, வாரக்கணக்கு போன்ற சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், உங்கள் மேற்பார்வையாளர் துப்பறிய வேண்டாம் என்று. அந்தப் பெண்ணின் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரியையும் எடுக்க மனம் வரவில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

யார் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ‘ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதினீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் ‘மகிழ்ச்சியாக இருந்தேன்’ என்று எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே கை எழுதியது போல இருக்கும். பள்ளியில் ஐந்து வருடம் ஓட்டிய பிள்ளைக்கு, எந்த நோட்டு யாருக்காக என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும். என்ன வேண்டுமானாலும் எழுது என்று ஆசிரியர் சொன்னால், அவருக்கு என்ன வேண்டும் என்றுதான் அது முதலில் யோசிக்கும். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. மரியாதைக்காகச் செய்வதுதான்.

நானும் சில வருடங்கள் வகுப்பறையில் நின்றவன். இதே டைரி, இதே பல் துலக்கல். அதில் ஒரு பையன் ஒரே ஒரு வரிதான் எழுதுவான்: ‘இன்று ஒன்றும் நடக்கவில்லை.’ இரண்டு வாரமாக அதே வரி. ‘இன்னும் விரிவாக எழுதவும்’ என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டே இருந்தேன். அவன் விரிவாக எழுதினான்: ‘இன்றும் ஒன்றும் நடக்கவில்லை.’

ஒருநாள் சிவப்புப் பேனா தீர்ந்துபோய்விட்டது. கையில் கிடைத்த பென்சிலால், ‘ஒன்றும் நடக்காத நாள் எப்படி இருக்கும்?’ என்று அடியில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் எரிச்சலோடுதான். அடுத்த நாள் அரைப்பக்கம் வந்தது. வகுப்பில் மூன்றாவது ஃபேன் சுற்றும்போது டிக் டிக் என்று சத்தம் வருமாம். அறிவியல் பீரியடில் அதை எண்ண ஆரம்பித்து அறுநூற்றுப் பன்னிரண்டு வரை போனானாம். அப்போது நான் அவனைக் கேள்வி கேட்டு எழுப்பிவிட்டதால் கணக்கு விட்டுப்போனதாம். ‘நீங்கள் எழுப்பாமல் இருந்திருந்தால் ஆயிரம் வந்திருக்கும்.’

நான்கு வருடமாக அந்த ஃபேன் என் தலைக்கு மேல் சுற்றியிருக்கிறது. அதில் சத்தம் வருகிறது என்றே எனக்குத் தெரியாது. அன்று அவனுக்கு நான் மார்க் போடவில்லை. ‘நானும் இன்று கேட்டேன். ஒரு டிக் பெரிதாகவும் அடுத்தது சின்னதாகவும் வருகிறது, கவனித்தாயா?’ என்று எழுதினேன். அந்த வருடம் முழுக்க அவன் நோட்டைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. 1970களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்த லெஸ்லி ரீட், தன் பிள்ளைகளோடு நோட்டிலேயே பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை எழுதும், இவர் பதில் எழுதுவார், பிள்ளை அதற்குப் பதில் எழுதும். ஜானா ஸ்டாட்டன் என்ற ஆய்வாளர் அந்த நோட்டுகளை எடுத்துப் படித்து எழுதிய பிறகு, பல நாட்டு ஆசிரியர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, ரீட் பிழையை வட்டம் போட்டுக் காட்டமாட்டார் என்பது. பிள்ளை தப்பாக எழுதிய சொல்லைத் தன் பதிலில் சரியாக எழுதி வைத்துவிடுவார். நம் மொழியில் இதைச் செய்வது எவ்வளவு சுலபம், பாருங்கள். ‘நேற்று மலை பெய்தது’ என்று பிள்ளை எழுதுகிறது. ‘மழையில் நனைந்தாயா? எனக்கு மழை சத்தம் கேட்டால் தூக்கம் வரும்’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். ழகரம் கண்ணில் படும். ஒரு தடவையில் திருந்தாதுதான். ஆனால் பத்துத் தடவை வட்டம் போட்டும் திருந்தாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இலக்கணப் பிழைக்கென்று வேறு நோட்டு இருக்கிறது. அங்கே சிவப்பு மை ஓடட்டும்.

மதிப்பெண்ணும் போட்டு, கூடவே நல்ல வார்த்தையும் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 1988இல் வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் கிடைத்தவர்களுக்கு ஆர்வமும் இருந்தது, அடுத்த வேலையும் நன்றாக வந்தது. இரண்டும் கிடைத்தவர்கள் மதிப்பெண் மட்டும் கிடைத்தவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். எண் கண்ணில் பட்டதும் பக்கத்திலிருக்கும் எழுத்து மறைந்துவிடுகிறது. நம் விடைத்தாள் வந்தபோது நாமும் அப்படித்தானே புரட்டினோம்?

அப்புறம், படிப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. பிரான்ஸில் செலஸ்தேன் ஃப்ரெனே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச முடியாது. 1920இல் தெற்கே பார்-சூர்-லூ என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கு வந்தார். தான் பேசியே வகுப்பை ஓட்ட முடியாது, பிள்ளைகள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்ற நிலை அவருக்கு. பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப் போனார், வந்து பார்த்ததை எழுதச் சொன்னார். சில வருடத்தில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வாங்கி வகுப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் விஷயம். பிள்ளை எழுதியதை வகுப்பே உட்கார்ந்து படித்து, எதை அச்சடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும். எழுத்து எழுத்தாக ஈய அச்சைப் பொறுக்கிக் கோப்பார்கள். ஒரு சொல்லுக்கு எழுத்துக்கூட்டு தெரியாவிட்டால் கை அப்படியே நின்றுவிடும், யாரையாவது கேட்டே ஆக வேண்டும். பிழை திருத்த அங்கே ஆசிரியர் சிவப்புப் பேனாவோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, பிரான்ஸின் மேற்கே பிரெத்தாஞ் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்கள் தபாலில் போயின, அவர்களுடையது இங்கே வந்தது. மலைப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றிக் கடலோரப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களிடம் போய், எழுந்தேன் பல் துலக்கினேன் என்றா எழுதுவீர்கள்? அவர்களும்தானே துலக்குகிறார்கள்.

உங்களுக்கு அச்சு இயந்திரம் வேண்டாம். வேறொரு பள்ளியில் பயிற்சியில் இருக்கும் உங்கள் தோழி ஒருத்தி போதும். அவள் வகுப்பும் உங்கள் வகுப்பும் தாள் மாற்றிக்கொள்ளட்டும்.

சரி, நாற்பது நோட்டுக்கு எப்படிப் பதில் எழுதுவது? தினமும் நாற்பதும் படிக்க முயன்றால் மூன்றாம் நாளே டிக் அடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் அடித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு நோட்டு, ஆளுக்கு இரண்டு வரி. ஐந்து நாளில் எல்லோரிடமும் போய் வந்துவிடலாம். இரண்டு வரியில் ஒன்றாவது உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டிய ஒன்றும் உண்டு. நோட்டை நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள் என்று சொல்லலாம், ஆனால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மனம் திறந்து எழுதும் நோட்டில், அடிபடும் பிள்ளையின் பக்கமும் ஒருநாள் வரும். அப்போது பொறுப்பில் இருப்பவரிடம் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘யாராவது உங்களைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் நான் உதவி கேட்பேன்’ என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளை தெரிந்தே எழுதும். சில பிள்ளைகள் அதற்காகவே எழுதும்.

இப்போது உங்கள் நோட்டு. அந்த ஆறு தலைப்பு, கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் தந்த சிந்தனைச் சுழற்சியாக இருக்கும்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது சரி எது சரியில்லை, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ஆனால் பத்தி பத்தியாகப் பிரித்து மதிப்பெண் ஒட்டிவிட்டால் யாரும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். உங்கள் வாக்கியமே சாட்சி: ‘நேர மேலாண்மையில் கவனம் தேவை.’ எந்த வகுப்புக்கும், எந்த ஆசிரியருக்கும், எந்த நாளுக்கும் பொருந்தும்.

எனக்கு எழுதிய கடிதத்தில் நான்கே வரியில் அசல் குறிப்பை எழுதிவிட்டீர்களே, அதைக் கவனித்தீர்களா? பிள்ளை என்ன கேட்டது, அதன் சொல்லிலேயே. நீங்கள் என்ன சொன்னீர்கள், அதுவும் அப்படியே. ஏன் சொன்னீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்றுதான்: அந்தப் பெண் எதைப் பார்த்துக் கேட்டாள்? மூன்றை விட நான்கு பெரியது என்பது அவளுக்கு இத்தனை வருடம் கைகொடுத்த அறிவு. பின்னத்தில் கீழே இருக்கும் எண் பொருளை எண்ணவில்லை, எத்தனை பங்கு போட்டோம் என்பதைச் சொல்கிறது என்பது இன்னும் அவளுக்கு யாரும் காட்டாதது. பங்கு கூடினால் ஆளுக்கு வருவது குறையும். பாடம் முழுக்க அவள் கேள்விக்குள் இருக்கிறது. மற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அதே குழப்பத்தோடு ‘புரிந்தது மிஸ்’ என்று சொன்னார்களோ! இதை இரவில் உட்கார்ந்து எழுதும்போதுதான் நமக்கே தெரியும். டொனால்ட் ஷோன் என்ற அறிஞர் 1983இல், வேலை செய்துகொண்டே சிந்திப்பது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சிந்திப்பது இன்னொன்று என்று பிரித்தார். வகுப்பில் நிற்கும்போது முதலாவது நமக்குப் பாதி நாள் வாய்ப்பதில்லை, மணி அடித்துவிடும். இரண்டாவதுக்குத்தான் நோட்டு.

ஆகவே இரண்டு நோட்டு வையுங்கள். கல்லூரி கேட்பதைக் கல்லூரிக்குக் கொடுங்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். பாஸாக வேண்டும். இன்னொன்றை யாருக்கும் காட்டாமல், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம் என்று எழுதுங்கள். ‘ஆர்வம்’, ‘ஈடுபாடு’, ‘மேம்பாடு’ மூன்றும் அதில் தடை. முடிந்தால் கொஞ்ச நாள் கழித்து ஒரு பக்கத்தை மேற்பார்வையாளரிடம் காட்டிப் பாருங்கள். அவர் இந்தப் பதிலைப் படித்திருந்தால் புன்னகைப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் என்னைத் திட்டட்டும்.

வெளியிடும் ஆசை பற்றிச் சுருக்கமாக. உங்கள் குறிப்பை வெளியிடும்போது, அந்தப் பிள்ளையும் வீட்டாரும் படித்தால் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று கண்டுகொள்ள முடியாதபடி மாற்றுங்கள். பெயரை எடுத்தால் மட்டும் போதாது, மேலே உங்கள் கடிதத்துக்கு நான் செய்தது போல மற்ற விவரங்களையும் மாற்ற வேண்டும். பிள்ளைகளின் பக்கங்களை அவர்களையும் வீட்டாரையும் கேட்காமல் தொடாதீர்கள், அதுவும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக. என் ஃபேன் பையனிடம் பள்ளி மலரில் போடலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் சார் என்றான். காரணம் கேட்டதற்கு, “மத்தவங்களும் எண்ண ஆரம்பிச்சிடுவாங்க” என்றான். போடவில்லை. பல வருடம் கழித்து, அவன் பெரியவனாகி ஒருமுறை பார்க்க வந்தபோது திரும்பக் கேட்டு, சரி என்ற பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றீர்களே, அப்புறம் பார்த்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. பார்த்திருந்தால் அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புடன்