கிரேக்க ஊஸோவில் தண்ணீர் ஊற்றினால் ஏன் பால் போல வெளுக்கிறது?

ஊஸோ என்பது கிரீஸில் அனீஸ் என்ற சோம்பு வகையின் மணமேற்றித் தயாரிக்கும் மதுபானம். பாட்டிலில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கிளாஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் வெளுத்துவிடும்.

காரணம், சோம்பின் மணத்தைத் தரும் அனித்தோல் என்ற எண்ணெய். அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. ஊஸோவில் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருப்பதால் எண்ணெய் கரைந்தே கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து ஆல்கஹாலின் விகிதம் இறங்கியதும், அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிகிறது. அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பக்கெட் தண்ணீரில் டெட்டால் ஊற்றினால் வெளுக்கிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

அனித்தோல் குளிரில் உறைந்து படிகமாகிவிடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தண்ணீர் விட்டு, அப்புறம்தான் ஐஸ் போடுவார்கள்.

ஊஸோவுக்குப் பேர்போன இடம் லெஸ்போஸ் தீவின் ப்ளோமாரி. அங்கே இதை ஒரே மடக்கில் யாரும் குடிப்பதில்லை. சுட்ட ஆக்டோபஸ், பொரித்த சிறு மீன், ஆலிவ் என்று சின்னத் தட்டுகளோடு மெதுவாக உறிஞ்சுவார்கள்.

வெளுத்துவிட்டதால் போதை குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஊற்றிய ஆல்கஹால் ஒரு சொட்டுகூடக் குறையாமல் அதே கிளாஸில்தான் இருக்கிறது.