டீச்சரைக் கேளுங்க: எஃப்.டி.பி.க்கு (காலேஜ் வாத்தியாருங்களுக்கான பயிற்சிக்கு) போகலாமா?

பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு வாசகி: டீச்சர், காலேஜ்ல தமிழ் எடுக்கறேன், வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பதவி உயர்வுக்கு ஓரியண்டேஷன்ங்கற பயிற்சி முடிக்கணும். ஆன்லைன்ல போட்டுட்டு கேமராவ ஆஃப் பண்ணி வெச்சா சமையலும் பாத்துக்கலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்கு நேர்ல போகணும்னு ஆசை, வீட்ல சின்னக் குழந்தை. போனா கிளாஸ்ல நெஜமாவே ஏதாச்சும் மாறுமா?

கண்ணு, மொதல்ல ரூல சொல்லிடறேன். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ரெகுலேஷன்படி உதவிப் பேராசிரியர் லெவல் 10ல இருந்து அடுத்த படியான 11க்கு போக 21 நாள் ஓரியண்டேஷன் ஒண்ணு, அதோட குறைஞ்சது ஒரு வாரம் அதாவது அஞ்சு நாள் எஃப்.டி.பி.யோ ஒர்க்‌ஷாப்போ, இல்லன்னா சர்ட்டிபிகேட்டோட ஒரு மூக் கோர்ஸ், அதாவது யார் வேணா சேரக்கூடிய ஆன்லைன் கோர்ஸ். வேலை பாத்திருக்க வேண்டிய வருஷக் கணக்கு பிஎச்டி இருந்தா நாலு, எம்.பில்.லுக்கு அஞ்சு, ரெண்டும் இல்லன்னா ஆறு. 2025 ஜனவரில புது வரைவு ஒண்ணு விட்டாங்க, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒருதடவ கேட்டுக்கோங்க. இந்தப் பயிற்சிய நடத்தற சென்டர், 1986 கல்விக் கொள்கைக்கு அப்புறம் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்னு தொடங்கினதுதான் 2015ல ஹெச்.ஆர்.டி.சி. (மனிதவள மேம்பாட்டு மையம்) ஆச்சு, 2023ல மாளவியா மிஷன் டீச்சர் ட்ரெய்னிங் சென்டர் ஆச்சு, போர்டு மாறிட்டே இருக்கறதால பழைய சீனியர்ஸ் இன்னும் ஸ்டாஃப் காலேஜ்னுதான் சொல்லுவாங்க, குழம்பிக்காதீங்க.

என்னைக் கேட்டா அந்த 21 நாள மட்டும் நேர்ல போயிடுங்க, மத்ததெல்லாம் ஆன்லைன்ல பாத்துக்கலாம். கேரளால வேலை பாக்கறோம்ங்கறதுக்காக தேஞ்ஞிப்பலத்துல இருக்கற காலிகட் யுனிவர்சிட்டி சென்டருக்குத்தான் போகணும்னு இல்ல, கோயமுத்தூர் பாரதியார் யுனிவர்சிட்டிலயும் சென்டர் இருக்கு, உங்க ஊருக்கு வேலந்தாவளம் தாண்டினா அதுதான் கிட்ட. குழந்தைய அம்மாவோ மாமியாரோ பாத்துப்பாங்கன்னா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாமான்னு சேர்றப்பவே சென்டர்ல கேட்டுடுங்க. பிரின்சிபால் கிட்ட என்.ஓ.சி.யும் டூட்டி லீவும் எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னா கடைசி வாரத்துல இன்விஜிலேஷன் போட்டுடுவாங்க.

ஏன் நேர்லங்கறேன்னா மைக்ரோ டீச்சிங்குக்காகத்தான். 1963ல ஸ்டான்போர்ட்ல டுவைட் ஆலன் கொண்டுவந்த முறை, அஞ்சு பத்து நிமிஷம், கூட வந்த வாத்தியாருங்களே ஸ்டூடண்டா உக்காருவாங்க, நீங்க ஒரே ஒரு திறமைய மட்டும் எடுத்துக்கணும், கேள்வி கேக்கறது அப்படின்னு வெச்சுக்கோங்க, நடத்தி முடிச்சதும் என்ன சரியா வந்துச்சு என்ன சொதப்புச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க, அத திருத்திட்டு அதே பாடத்த மறுபடி நடத்தணும். கேமரா ஆஃப்ல இருக்கறவங்களுக்கு இது நடக்கவே நடக்காது. நம்ம காலேஜ்ல சேர்ந்த நாள்ல இருந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் இன்னொரு வாத்தியார் நம்ம கிளாஸ்ல வந்து உக்காந்து பாக்கறதே கிடையாதுங்களே, அப்படி ஒரு சான்ஸ் கிடைக்கறப்ப விடுவானேன்.

உங்க கிளாஸ் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், பாதிப் பேர் வீட்ல தமிழ் பேசுவாங்க, ஆனா ஸ்கூல்ல மலையாளம் மீடியம், தமிழ் காதுல விழுந்து வந்ததுதான். வேற்றுமை உருபு நடத்திட்டு "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. அந்த 'புரிஞ்சுதா'வ தூக்கிப் போடுங்க, ஒரு வாக்கியத்த போர்டுல எழுதி இதுல உருபு எங்கன்னு கேளுங்க, கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நில்லுங்க. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்கூல் கிளாஸ்களை ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாங்க, கேள்வி கேட்டதும் டீச்சருங்க ஒரு செகண்ட்தான் பொறுக்கறாங்க, அதையே மூணு செகண்டா நீட்டினா பிள்ளைங்க பதில் நீளமா வருது, வாயே திறக்காததுங்ககூட பேசுதுன்னு காட்டினாங்க. மூணு செகண்ட் சும்மா நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு மைக்ரோ டீச்சிங்ல நின்னு பாத்தாத்தான் தெரியும். மாறுமான்னு கேட்டீங்கல்ல, இந்த மாதிரி ரெண்டு மூணு விஷயம் மாறும், அதுக்கு மேல யாராச்சும் வாக்குக் குடுத்தா நம்பாதீங்க.

சித்தூர்ல இருந்து ஒரு தம்பி (நம்ம பாலக்காட்டு சித்தூர்தான், ஆந்திரா இல்ல): நான் கெஸ்ட் லெக்சரர். எனக்கெல்லாம் இதுல இடம் உண்டா டீச்சர்?

தம்பி, பதவி உயர்வுக் கணக்கு உங்களுக்கு இப்ப இல்ல, அதனால சர்ட்டிபிகேட் சேர்க்கற ரேஸ்ல ஓடாதீங்க. 2017ல வந்த ஸ்வயம்ங்கற மத்திய அரசு ஆன்லைன் தளத்துல பாடம் படிக்க காசு கிடையாது, பரீட்சை எழுதினாத்தான் ஃபீஸ். சென்டர்ல சேரணும்னா எத்தனை வருஷம் எடுத்திருக்கீங்கன்னு காலேஜ்ல லெட்டர் வாங்கிட்டு நேரா அவங்களுக்கே போன் போடுங்க, நடுவுல இருக்கறவங்க கிட்ட கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு துறைத் தலைவர்: நாலு வருஷ டிகிரி வந்ததுல இருந்து கோர்ஸ் அவுட்கம் (பாடம் முடிஞ்சா பிள்ளைங்களுக்கு என்ன திறன் வரணும்ங்கற பட்டியல்) எழுதியே கை ஓஞ்சுபோச்சு. அஞ்சு நாள் ஒர்க்‌ஷாப் ஒண்ணு போடறோம், பத்து ரிசோர்ஸ் பர்சன் கூப்பிடலாம்னு பிளான். பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ். எப்படி நடத்தறது?

பத்து பேரா? சார், வரவேற்புரையும் பொன்னாடையும் நன்றியுரையும் போட்டா பாதி நேரம் அதுலயே போச்சு. மூணு பேர் போதும். வர்றவங்க எல்லாரையும் தான் எடுத்த பழைய இன்டர்னல் கேள்வித்தாள் ஒண்ணக் கையோட கொண்டுவரச் சொல்லுங்க. அமெரிக்கக் கல்வியாளர் புளூம் 1956ல கத்துக்கறதோட நிலைகள வகை பிரிச்சு, 2001ல ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தின அந்த ஆறு படி இருக்கே, நினைவுல வெக்கறதுல தொடங்கி படைக்கறது வரைக்கும், மொத நாள் அத வெச்சு அவங்கவங்க கேள்விய அவங்கவங்களே பிரிக்கட்டும். முக்கால்வாசி மொதப் படியிலயே நிக்கும்னு என் பந்தயம். "ஆசிரியர் குறிப்பு வரைக"ன்னு கேட்டுட்டு சிலபஸ்ல 'பகுத்தாயும் திறன்'னு அவுட்கம் எழுதி வெச்சிருப்போம், அந்த ரெண்டும் ஒட்டலன்னு அவங்களே பாத்துட்டா அப்புறம் லெக்சர் தேவையில்ல, மிச்ச நாள் கேள்விய மாத்தி எழுதறதும் அடுத்தவங்க அத படிச்சு குறை சொல்றதும்தான்.

பாஷைக்கு ரொம்ப யோசிக்காதீங்க. பேசறவங்க எதுல வேணா பேசட்டும், இங்க ரெண்டும் காதுல ஏறும். குரூப்ல எழுதற வேலைய மட்டும் தமிழ் டேபிள், மலையாளம் டேபிள்னு பிரிச்சுடுங்க, எழுத்துன்னு வந்தாத்தான் ஆளுங்க தயங்கறாங்க.

இன்னொண்ணு, சர்ட்டிபிகேட்ல தொடங்கின தேதி, முடிஞ்ச தேதி, நாள் கணக்கு மூணும் தெளிவா அடிங்க. லெவல் 11ல இருந்து 12க்கு ரெண்டு வாரக் கோர்ஸ் கேக்கற எடத்துல ஒவ்வொண்ணுக்கும் பதிலா ரெண்டு ஒரு வாரக் கோர்ஸ் காட்டலாம்னு அதே 2018 ரூல்ல இருக்கு, அதனால உங்க அஞ்சு நாளும் யாருக்காச்சும் கணக்குல வரும். அஞ்சாவது நாள் ஹர்த்தால் வந்தா சனிக்கிழமை நடத்தி ஈடு கட்டுங்க, நாலு நாள்ல முடிச்சு அஞ்சுன்னு போடாதீங்க.