எரிந்த ஹார்ட் டிஸ்க் போர்டிலிருந்து ரோம் சிப்பைப் படிப்பது எப்படி?

கேள்வி: என் 3.5 அங்குல வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹார்ட் டிஸ்க்கில் மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டேன். சர்க்யூட் போர்டு கருகியது. அதே எண் அச்சிட்ட பழைய போர்டை வாங்கிப் பொருத்தினேன். மோட்டார் சுற்றுகிறது, டக் டக் என்று சத்தம் வருகிறது, கணினிக்கு டிஸ்க் தெரியவில்லை. கருகிய போர்டின் ரோம் சிப்பில் (டிஸ்க் இயங்கத் தேவையான தகவலைச் சேமித்து வைக்கும் சிறிய சிப்) கிளிப்பை மாட்டி, சிப்புகளைப் படித்து எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரால் படித்தால், ஒவ்வொரு முறையும் வேறு கோப்பு வருகிறது. ஏன்?

பதில்: முதலில் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுப்பதை நிறுத்துங்கள். தரவைப் படித்து எழுதும் தலைகளில் எவை இயங்குகின்றன, அவற்றை எப்படிச் சீர்செய்வது என்று அந்த ஒரு டிஸ்க்குக்காகவே தொழிற்சாலையில் கணித்த அளவுகள் ரோமில் இருக்கின்றன. இப்போது உங்கள் தலைகள் வேறொரு டிஸ்க்கின் கணக்கை வைத்துக்கொண்டு தடத்தைத் தேடுகின்றன. அந்தத் தேடலின் சத்தம்தான் டக் டக்.

கோப்பு மாறி மாறி வருவதற்குக் காரணம் கிளிப். அதன் வழியாகப் போகும் மின்சாரம் சிப்போடு நிற்பதில்லை, போர்டு முழுவதும் பரவுகிறது. முதன்மைச் சிப்பும் அரைகுறையாக விழித்துக்கொண்டு அதே ரோமைப் படிக்க முயல்கிறது. போதாததற்கு உங்கள் போர்டு கருகியது. எங்காவது ஷார்ட் இருந்தால் மின்னழுத்தமே இறங்கிவிடும். ஆகவே சிப்பைக் கழற்றித்தான் படிக்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் பல போர்டுகளில் யு12 என்று குறித்த இடத்தில் எட்டுக் கால்களுடன் உட்கார்ந்திருப்பதுதான் ரோம் சிப். அந்த இடம் காலியாக இருந்தால் ரோம் முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் புரோகிராமருக்கு அங்கே வேலையில்லை. சிப் இருந்தால், முதல் காலைக் காட்டும் புள்ளி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு ஹாட் ஏரால் (சூடான காற்றை ஊதிச் சால்டரை உருக்கும் கருவி) கழற்றுங்கள். கை பழகவில்லையென்றால் கைப்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவருக்கு இது சில நிமிட வேலை.

மலிவான கறுப்பு சிஎச்341ஏ பலகைகளில் ஒரு வில்லங்கம் உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரக்கூடும். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சிப்பின் எண்ணைத் தேடி அது 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

படித்த கோப்பின் அளவு சிப்போடு பொருந்த வேண்டும். சிப்பின் எண் டபிள்யூ25எக்ஸ்40 என்றால் 4 மெகாபிட், அதாவது 5,24,288 பைட். சிப்பை எடுத்து மீண்டும் வைத்து இன்னொரு முறை படியுங்கள். இரு கோப்புகளும் ஒரு பைட்கூட மாறக் கூடாது. கோப்பின் எல்லா பைட்டும் எஃப்எஃப் என்றோ 00 என்றோ வந்தால் பெரும்பாலும் கால்கள் சரியாகத் தொடவில்லை. மென்பொருளில் அழிக்கும், எழுதும் பொத்தான்களின் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு தூரம் வந்தபின் அந்தக் கோப்பை இன்னொரு சிப்பில் எழுதுவானேன்? வாங்கிய போர்டின் ரோமைக் கழற்றிவிட்டு, உங்கள் அசல் சிப்பையே அங்கே சால்டர் செய்யுங்கள். கோப்பைக் காப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் டக் டக் என்றால், 19 வோல்ட் டிஸ்க்குக்கு உள்ளே தலைகளோடு இணைந்த பெருக்கிச் சிப்பையும் பதம் பார்த்திருக்கக்கூடும். மூடியைத் திறக்காமல் தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கருகிய போர்டையும் கூடவே வையுங்கள்.