பூச்சி உசத்தியா, செடி உசத்தியா?

கேள்வி: நீருக்குள் வாழும் அந்துப்பூச்சி ஒன்று உண்டாமே! அதையும் ஒரு நீர்ச்செடியையும் ஒப்பிட்டால், பரிணாமத்தில் பூச்சிதானே மேலே? அது நகர்கிறது, துணை தேடுகிறது. செடி இருந்த இடத்திலேயே கிடக்கிறது.

பதில்: கிடக்கிறது என்று யார் சொன்னது? நீங்கள் கேள்விப்பட்டது அசென்ட்ரியா எஃபெமெரெல்லாவாக இருக்கும். ஐரோப்பியக் குளங்களின் பூச்சி. பிற்பாடு வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு ஜோடியாக, மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வாலிஸ்னேரியா ஸ்பைராலிஸை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பூச்சியின் பெண்களில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கை பெயருக்குத்தான். பறக்க முடியாது, ரோமம் அடர்ந்த கால்களால் தண்ணீருக்குள் நீந்தும். ஆண்கள் இரவில் நீர்மட்டத்தை ஒட்டிப் பறக்கும்போது, பெண் மேலே வந்து வயிற்று நுனியை மட்டும் வெளியே நீட்டும். கூடல் முடிந்ததும் மறுபடி உள்ளே போய், நீர்ச்செடிகளில் முட்டையிடும். வளர்ந்த பூச்சி எதுவும் தின்பதில்லை. ஓரிரு நாளில் கதை முடிந்தது.

சரி, செடிக்கு வருவோம். வாலிஸ்னேரியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கடுகைவிடச் சிறிய ஆண் பூக்கள் நூற்றுக்கணக்கில் அடியில் தாமாகவே கழன்று, மேலே வந்து மலர்ந்து, காற்று தள்ளிய பக்கமெல்லாம் மிதந்து போகும். பெண் பூ நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் நீர்மட்டத்தில் நிற்கும். அதைச் சுற்றித் தண்ணீர் லேசாகக் குழிந்திருக்கும். பக்கத்தில் வரும் ஆண் பூ அந்தச் சரிவில் சறுக்கி, பெண் பூவின் மேல் மோதி மகரந்தத்தை ஒட்டிவிடும். அப்புறம் காம்பு பழைய தொலைபேசி வயர்போலச் சுருண்டு, பூவைக் கீழே இழுத்துக்கொள்ளும். காய் முற்றுவது தண்ணீருக்குள்தான்.

இரண்டின் முன்னோரும் தரைவாசிகள். தண்ணீருக்குக் குடிபோன பிறகும் கல்யாணத்துக்கு மட்டும் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. ஆண் மேலே அலைகிறது. பெண் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. இதில் மேலே என்ன, கீழே என்ன? நகர்வதற்குத்தான் மார்க் என்றால், செடியை விட்டே கிளம்பிப் போகிறதே ஆண் பூ, அதற்கு எவ்வளவு போடுவீர்கள்?

வித்தியாசம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஓரிரு நாளுக்குள் ஜோடி கிடைக்காத பூச்சிக்கு வம்சம் அவ்வளவுதான். செடிக்கு அந்தப் பதற்றம் இல்லை. பூ வீணானாலும் சேற்றில் ஓடுதண்டு விட்டு, பக்கத்திலேயே இன்னொரு செடியை முளைக்க வைத்துவிடும். ஆனால் பூச்சியில் முழு இறக்கையுள்ள பெண்களும் கொஞ்சம் உண்டு. இருக்கும் குளம் சரியில்லை என்றால் அவற்றால் அடுத்த குளத்துக்குப் பறக்க முடியும். உங்கள் பூச்சிக்கு நான் கூடுதல் மார்க் போடுவதென்றால், அது இந்த ஒன்றுக்குத்தான்.