கென் கிளார்க்: பதவிகளை விடுங்கள், வாக்குகளைப் பாருங்கள்

கேள்வி: எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி மிதவாதி ஒருவரைப் பற்றிக் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேச வேண்டும். கென்னத் கிளார்க்கை எடுத்திருக்கிறேன். அவர் வகித்த பதவிகளைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. எதை வைப்பது, எதை விடுவது? பிரதமர் மார்கரெட் தாட்சரின் அமைச்சராக இருந்தவரை மிதவாதி என்று சொல்லலாமா?

பதில்: பதவிகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகருங்கள். 1970 முதல் 2019 வரை ரஷ்கிளிஃப் தொகுதி எம்.பி.; சுகாதாரம், கல்வி, உள்துறை, நிதி, பிற்பாடு நீதித்துறை. அரை நிமிடம் போதும். மிச்ச நேரத்தை அவர் தோற்ற தேர்தல்களுக்குக் கொடுங்கள்.

கட்சித் தலைமைக்கு 1997, 2001, 2005 என மூன்று முறை நின்றார், மூன்றிலும் தோல்வி. இதில் 2001தான் உங்களுக்கு முக்கியம். 1997இல் எம்.பி.க்கள் மட்டும் வாக்களித்தார்கள். அதன் பிறகு விதி மாறியது: எம்.பி.க்கள் இருவரைத் தேர்ந்து கொடுப்பார்கள், கட்சி உறுப்பினர்கள் அவர்களில் ஒருவரைத் தேர்வு செய்வார்கள். 2001இல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டில்லோவுக்கு 53. சக எம்.பி.க்கள் அவரைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். உறுப்பினர்களிடம் போனதும் கதை தலைகீழ்: டங்கன் ஸ்மித்துக்கு 61 சதவீதம், கிளார்க்குக்கு 39. காரணம் ஐரோப்பா. ஐரோப்பிய ஒன்றியத்தை வெளிப்படையாக ஆதரித்தவர் அவர். கட்சியின் அடிமட்டமோ அதற்குள் எதிர்த்திசைக்குப் போயிருந்தது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

சரி, தாட்சர் விஷயம். அவர் காலத்தில் கட்சிக்குள் இருந்த மிதவாதிகளை ‘வெட்’ (wet) என்று கேலி செய்வார்கள். இதை ‘ஈரமானவர்கள்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நம் காதில் அது நெஞ்சில் ஈரம் உள்ளவர்கள் என்று பாராட்டாக விழும். அவர்கள் சொன்னது ‘உறுதியில்லாதவர், வழவழா கொழகொழா’ என்ற பொருளில். கிளார்க்கை அப்படிச் சொல்லவே முடியாது. 1988 முதல் 1990 வரை சுகாதார அமைச்சராக, அரசு மருத்துவச் சேவைக்குள் சந்தை முறையைக் கொண்டுவர மருத்துவர் சங்கத்தோடு மல்லுக்கட்டினார். 1990 நவம்பரில் கட்சித் தலைமைப் போட்டியின்போது தாட்சரிடமே நேரில், நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள் என்று சொன்னவர்களில் ஒருவர். பொருளாதாரத்தில் சந்தைப் பக்கம், ஐரோப்பாவிலும் சமூக விஷயங்களிலும் தாராளம் என்று பிரித்துச் சொன்னால் மிதவாதி என்ற சொல் நிற்கும். மொத்தமாக ஒட்டினால் யாராவது எழுந்து கேள்வி கேட்பார்கள்.

நிதியமைச்சர் காலத்தில் (1993–97) ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அவர் வகுத்துவிட்டுப் போன செலவு வரம்பை, அடுத்து வந்த லேபர் கட்சியின் கார்டன் பிரவுன் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அப்படியே பின்பற்றினார். எதிர்க்கட்சிக்காரர் கொடுத்த சான்றிதழ் இது.

அப்புறம், கட்சியை மீறிய வாக்குகள். 2003இல் இராக் போருக்கு எதிராக வாக்களித்தார். 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நடைமுறையைத் தொடங்கும் மசோதா வந்தபோது, எதிர்த்து வாக்களித்த ஒரே கன்சர்வேடிவ் எம்.பி. அவர்தான். 2019 செப்டம்பரில், ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்க எதிரணியோடு சேர்ந்து வாக்களித்த 21 பேரை போரிஸ் ஜான்சன் தலைமை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கியது. அதில் கிளார்க்கும் ஒருவர். அப்போது அவர்தான் ‘அவையின் தந்தை’, அதாவது தொடர்ச்சியாக அதிக காலம் எம்.பி.யாக இருப்பவர்.

இங்கே ஒரு மொழிபெயர்ப்புப் பொறி இருக்கிறது. இந்த நீக்கத்தை ஆங்கிலச் செய்திகள் ‘விப்’ (whip) பறிக்கப்பட்டது என்று சொல்லும்; அங்கே அந்தச் சொல்லுக்குக் கட்சியின் நாடாளுமன்ற அணியில் இருக்கும் இடம் என்று பொருள். அதைப் பார்த்து ‘கொறடா பதவி பறிக்கப்பட்டது’ என்று எழுதிவிடாதீர்கள். அவர் உண்மையிலேயே கொறடா அணியில் இருந்தது பிரதமர் எட்வர்ட் ஹீத் காலத்தில், 1972 முதல் 1974 வரை. பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் (ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேரும் மசோதாவுக்கு வாக்கு திரட்டிய அணி அது.